பவுண்டரிக்குப் பக்கத்தில் அடுக்குமாடி: தொழிற்சாலைக்கு என்ன பாதுகாப்பு?

கேள்வி: கோவை மாவட்டத்தில் 1998 முதல் பவுண்டரி (உலோக வார்ப்பு ஆலை) நடத்திவருகிறோம். எங்கள் இடம் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) தொழிற்சாலைப் பகுதி. மதில் சுவரை ஒட்டி ஏழு ஏக்கர் காலி நிலம் இருக்கிறது. அதை வாங்கியவர்கள் குடியிருப்புப் பகுதியாக மாற்றிக் கேட்டு, அடுக்குமாடி கட்டப்போவதாகத் தெரிகிறது. எங்களுக்கு இரவு ஷிப்ட் உண்டு. நாளை குடிவந்தவர்கள் சத்தம், புகை என்று புகார் கொடுத்தால் மூடச் சொல்லிவிடுவார்களா? முதலில் வந்தது நாங்கள்தானே?

பதில்: ‘முதலில் வந்தோம்’ என்ற ஒன்றை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். இந்தக் கேள்வியோடு வருகிற தொழில்முனைவோர் எல்லோரும் அதைத்தான் பெரிய பலமாக நினைக்கிறார்கள். தொல்லை இருப்பது தெரிந்தேதான் குடிவந்தார் என்பது நீதிமன்றத்தில் எதிர்வாதமாக நிற்காது.

1879-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். இனிப்புப் பண்டம் செய்பவர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் சமையற்கட்டில் உரலில் இடித்துவந்தார். பக்கத்து வீட்டு மருத்துவர் தன் தோட்டத்தின் கோடியில், அந்தச் சமையற்கட்டின் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். அதன் பிறகுதான் சத்தம் தொல்லையானது. தடையாணை மருத்துவருக்கே கிடைத்தது. அறை கட்டும்வரை வழக்குப் போடும் அளவுக்கு யாருக்கும் பாதிப்பில்லை. நீண்டகாலம் செய்துவந்ததால் உரிமை பிறந்துவிட்டது என்று காட்டும் கணக்கில் அந்தக் காலத்தைச் சேர்க்க முடியாது என்றது நீதிமன்றம். நமது 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமும் (அடுத்தவர் நிலத்தைப் பொறுத்து ஒருவருக்குள்ள உரிமைகளைச் சொல்வது) அப்படி உரிமை பிறக்க 20 ஆண்டு அனுபவத்தைத்தான் கேட்கிறது. பக்கத்தில் இதுவரை வெறும் காலி நிலம் என்பதால் உங்கள் 1998 கணக்கும் இதே இடத்தில் சிக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வரம்பை மீறுவதற்கோ எத்தனை ஆண்டானாலும் உரிமை பிறக்காது.

உங்களுக்கு உண்மையான ஆபத்து நில உபயோக மாற்றத்தில் இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி தொழிற்பகுதிக்கு அனுமதித்த அளவு பகலில் 75 டெசிபல், இரவில் 70. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை, அதாவது உங்கள் நைட் ஷிப்ட். மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பு என்று வகைப்படுத்தப்பட்டால், நீங்கள் ஒரு மெஷின்கூடக் கூட்டாமலே அந்தப் பக்கத்தில் இரவு அளவு 25 டெசிபல் இறங்கிவிடும். வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். எனவே குடிவந்த பிறகு சண்டை போடுவதைவிட, வகைப்பாடு மாறுவதற்கு முன் பேசுவதுதான் புத்திசாலித்தனம்.

1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் முழுமைத் திட்டத்தை மாற்றும்போது அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆட்சேபணையில் ‘வீடு வரக்கூடாது’ என்று மட்டும் எழுதினால் எடுபடாது. ஒலி மாசு விதி 3-ன் நான்காம் உட்பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள்: வளர்ச்சித் திட்டங்களை வகுக்கும்போது ஒலி மாசைக் கணக்கில் எடுப்பது வளர்ச்சி ஆணையத்துக்கும் உள்ளாட்சிக்கும் கடமை என்கிறது அது. அதைச் சொல்லிவிட்டு, எப்படி அனுமதித்தால் உங்களுக்குச் சரிப்படும் என்றும் எழுதுங்கள். மதிலை ஒட்டி மரவரிசை, உட்சாலை, கார் நிறுத்துமிடம் வரட்டும். படுக்கையறை ஜன்னல் உங்கள் பக்கம் திறக்க வேண்டாம். ஒலித்தடுப்புச் சுவர் கட்டுபவர் செலவிலேயே அமையட்டும். இவை அனுமதியின் நிபந்தனையாகவே பதிவாக வேண்டும். வாய்மொழி வாக்குறுதி கட்டுநரோடு போய்விடும்.

மொத்தக் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் முன்கூட்டிய சுற்றுச்சூழல் அனுமதியும் தேவை. அதைத் தரும் ஆணையத்துக்கும் ஆட்சேபணையின் ஒரு நகல் அனுப்புங்கள். அந்த அனுமதி தவறு என்று தோன்றினால் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

இதையெல்லாம் எழுதுமுன் உங்கள் ஆலையின் பக்கத்தை ஒழுங்கு செய்யுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல வழக்குகள் இங்கேதான் தோற்கின்றன. தண்ணீர்ச் சட்டம், காற்றுச் சட்டம் இரண்டிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் வாங்கிய இசைவாணையை (இயக்க அனுமதி) எடுத்து வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருக்கும் உற்பத்தி அளவையும் இன்று நீங்கள் ஊற்றும் டன்னையும் ஒப்பிடுங்கள். இடையில் வைத்த இரண்டாவது உலை, புது ஜெனரேட்டர் அதில் இருக்கின்றனவா? இல்லையென்றால் முதலில் அதைத் திருத்தி வாங்குங்கள். நான்கு எல்லைகளிலும் பகல், இரவு ஒலியை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம் மூலம் அளந்து வாங்குங்கள். அறிக்கை முதலில் உங்கள் வழக்கறிஞரிடம் வரட்டும். அளவு மீறியிருந்தால் சரிசெய்துவிட்டு மறுபடி அளங்கள். வீடு வருமுன் எடுத்த அந்த அறிக்கை பிற்காலத்தில் பெரிய சாட்சி.

கட்டுநரை எதிரியாக நினைக்க வேண்டியதில்லை. வீடு வாங்குபவரிடம் தவறான தகவல் தந்தால் 2016-ம் ஆண்டு ரெரா (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை) சட்டத்தில் அவருக்கும் பொறுப்பு உண்டு. பக்கத்தில் இரவிலும் இயங்கும் பவுண்டரி இருக்கிறது என்பதை விற்பனை ஒப்பந்தத்திலும் கிரயப் பத்திரத்திலும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். இது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் வருவதைத் தடுக்காது; முன்பே சொன்னபடி, நீதிமன்றத்தில் இது மட்டுமே எதிர்வாதமாகவும் நிற்காது. ஆனால் ‘தெரியாமல் வாங்கினேன்’ என்று தடையாணை கேட்பவரின் வாதத்தை மெலியச் செய்யும்.

புகார் வந்தவுடன் மூடிவிடமாட்டார்கள். பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 152-ன் கீழ் வருவாய்க் கோட்டாட்சியர் நோட்டீஸ் அனுப்பினால் அது நிபந்தனை உத்தரவுதான். குறிப்பிட்ட நாளில் ஆஜராகி, இசைவாணையும் ஒலி அறிக்கையும் வைத்து மறுப்புத் தெரிவிக்கலாம். போகாமல் இருந்தால் அது உறுதியாகிவிடும். யாராவது உரிமையியல் வழக்குப் போடுவார்கள் என்ற பேச்சு காதில் விழுந்தால் நீதிமன்றத்தில் கேவியட் (முன்னெச்சரிக்கை மனு) போட்டுவிடுங்கள். உங்களைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு பிறப்பிப்பதை அது தடுக்கும். 90 நாள்தான் செல்லும். பிறகு புதிதாகப் போட வேண்டும்.