இலவச அரிசியும் என் மளிகைக் கடையும்

கேள்வி: அண்ணாச்சி, பஞ்சம், பூகம்பம் என்றால் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குக் கப்பல் கப்பலாக அரிசியும் கோதுமையும் அனுப்புகின்றன. அந்த உதவியே அங்குள்ள விவசாயியையும் வியாபாரியையும் நொடித்துப்போக வைக்கிறது என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். சும்மா கிடைக்கிற சோறு எப்படிக் கெடுதல் செய்யும்?
- கல்லூரி மாணவி, குமுளி

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், தங்கச்சி. வண்டிப்பெரியாற்றில் ஆற்றோரம் எனக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். அரிசி ஊறிப் புளித்த வாடை ஒரு மாதமாகியும் போகவில்லை. முதல் இரண்டு வாரம் லாரியில் வந்த அரிசிதான் எங்கள் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றியது. என் வீட்டிலும் அதைத்தான் பொங்கினோம். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அப்புறம் சுவரைக் கழுவி, கம்பத்து மண்டியில் கடன் சொல்லி, 25 கிலோ சிப்பமாக 40 சிப்பம் புழுங்கல் அரிசி இறக்கினேன். இலவச அரிசி லாரிகள் வருவதோ நிற்கவில்லை. லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எந்த வீட்டுக்குப் போனாலும் கட்டிலுக்கு அடியில் அரிசிப் பை. சம்பள நாளன்றுகூட ஒரு சிப்பம் நகரவில்லை. இரண்டு மாதத்தில் அடி வரிசையில் வண்டு விழுந்துவிட்டது. கடையில் நின்ற பையனுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் அனுப்பிவிட்டேன். அவன் அம்மாவும் அதே லயத்தில் இலை பறிக்கிறவர். அது இன்றும் எனக்கு உறுத்தல். நான் விற்றால்தான் மண்டிக்காரர் வாங்குவார், அவர் வாங்கினால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் போட்டவர் கையில் காசு விழும்.

இதையே ஒரு நாட்டு அளவில் பார்க்க வேண்டுமென்றால் கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டியைப் பாருங்கள். 1980களின் தொடக்கம் வரை தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை அதுவே விளைவித்தது. கடனும் உதவியும் கொடுத்தவர்கள் நெருக்கியதில், 1995ல் அரிசிக்கான இறக்குமதி வரி 3 சதவீதமாக இறங்கியது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி மலிவு விலையில் வந்து குவிந்தது. அங்கே நெல் விளையும் ஆர்ட்டிபோனைட் பள்ளத்தாக்கு விவசாயிகளால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 2010 ஜனவரியில் பூகம்பம் வந்து, அதன் பிறகு இலவச அரிசியும் சேர்ந்துகொண்டது. அந்த மார்ச்சிலேயே முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் அமெரிக்க செனட் குழுவின் முன், தங்கள் கொள்கை தன் மாநிலமான ஆர்கன்சா விவசாயிகளுக்கு உதவியிருக்கலாம், ஹைட்டிக்கு அது தவறாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார்.

நாமும் 1956 முதல் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின் கீழ் கோதுமை வாங்கியவர்கள்தான். 1960களின் பஞ்சத்தில் அது உயிர் காத்தது. ஆனால் சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்தபோது, 1965ல் விவசாயியிடம் நேரே கொள்முதல் செய்ய இந்திய உணவுக் கழகம் வந்தது. மறு வருடம் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்தது. வயலில் போட்டதற்கு விலை கிடைக்கும் என்ற நம்பிக்கை விவசாயிக்கு அப்போதுதான் வந்தது.

அதற்காக உதவியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சந்தை செத்துக் கிடக்கும் நாட்களில் தானியம் வரட்டும். கடை திறந்ததும் பணமாக வரட்டும், பக்கத்து விவசாயியிடம் வாங்கிக் கொடுக்கட்டும். ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் இப்போது பல நாடுகளில் இந்த இரண்டையும் செய்கிறது.

எங்கள் ஊரிலும் அந்த அக்டோபர் கடைசியில் ஒரு குழு வந்து, லயத்து வீடுகளுக்கு உள்ளூர்க் கடைகளில் செல்லுபடியாகும் 500 ரூபாய்ச் சீட்டுக் கொடுத்தது. முதல் சீட்டோடு வந்த அக்கா அரிசி கேட்கவில்லை. அரை லிட்டர் தேங்காய் எண்ணெய், மிளகாய் வற்றல், பிள்ளைக்கு இரண்டு நோட்டு வாங்கினார். அந்த வாரம் வந்த சீட்டுகளில்தான் மண்டிக் கடனில் பாதியைக் கட்டினேன்.