முழுத் தாவர உணவு: நீங்கள் கேட்டவை, என் பதில்கள்

முழுத் தாவர உணவு என்றால் செடியிலிருந்து வருவதை மட்டும், முடிந்தவரை பதப்படுத்தாமல் முழுசாகச் சாப்பிடுவது. ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நாங்க பரம்பரையா சைவம். அப்போ ஏற்கனவே இந்த உணவுமுறையிலதான் இருக்கோமா அக்கா?

இல்லைம்மா. பால், தயிர், நெய் இதில் கிடையாது. அதைவிட முக்கியம் பெயரில் உள்ள 'முழு' என்கிற சொல். மைதா பரோட்டா, மிக்சர், வெள்ளைச் சர்க்கரை எல்லாமே செடியிலிருந்து வந்தவைதான், ஆனால் முழு உணவு இல்லை. நெல்லில் உமியை மட்டும் எடுத்தால் தவிடும் முளையும் அரிசியோடு தங்கும். பாலிஷ் போட்டால் நார்ச்சத்து, வைட்டமின் பி1, மெக்னீசியம் எல்லாம் பெரும்பாலும் தவிட்டோடு போய்விடும். எண்ணெயும் அப்படித்தான். வேர்க்கடலையை அவித்துச் சாப்பிட்டால் புரதமும் நாரும் சேர்ந்து வரும், அதையே ஆட்டி எடுத்தால் செக்கெண்ணெயே ஆனாலும் மிஞ்சுவது கொழுப்புதான், ஒரு மேசைக்கரண்டிக்கு சுமார் 120 கலோரி. கண்டிப்பாகப் பின்பற்றுகிறவர்கள் எண்ணெயே தொடுவதில்லை. தாளிக்க ஒரு டீஸ்பூன் ஊற்றுவதை நான் தடுக்க மாட்டேன், பொரிப்பதை விட்டாலே பெரிய மாற்றம்.

கேள்வி: 60 கிலோ இருக்கேன். முட்டை, பால் இல்லாம புரதத்துக்கு எங்க போறது?

தம்பி, ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-ல் சொன்ன அளவு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். உங்களுக்கு 50 கிராம். கணக்குப் போடுவோம், எல்லாம் வேகவைக்காத எடை: அரிசி 200 கிராமில் சுமார் 15, துவரம்பருப்பு 50 கிராமில் 11, கொண்டைக்கடலை 50 கிராமில் 10, வேர்க்கடலை 30 கிராமில் 7. மீதி காய், கீரையிலேயே வந்துவிடும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு, நாலு பேருக்கான சாம்பாரில் ஒரு கைப்பிடி பருப்பு, அதுவும் தண்ணியாக. அதை நம்பினால் புரதம் பத்தாது. கூட்டைக் கெட்டியாக வையுங்கள், அடை, பச்சைப்பயறு தோசை, சாயங்காலம் சுண்டல் என்று பருப்பைத் தட்டின் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் செங்கல் மாதிரி) குறைவு, பருப்பில் அது தாராளம். இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டியதில்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும். உடற்பயிற்சி கடுமையாகச் செய்கிறீர்கள் என்றால் இதைவிடக் கூடுதலாக வேண்டும், சோயா பீன்ஸ், டோஃபு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய சோறு, ஸ்பைருலினா ரெண்டுலயும் பி12 இருக்காமே? மாத்திரை இல்லாம சமாளிக்கலாமா?

சமாளிக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. நரம்புக்கும் ரத்தத்துக்கும் வேண்டிய வைட்டமினான பி12-ஐ உண்டாக்குவது பாக்டீரியாக்கள். நம்பிச் சாப்பிடும் அளவுக்கு அது எந்தச் செடியிலும் இல்லை. ஸ்பைருலினா என்ற பாசிப்பொடியில் இருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோற்றமளிக்கும் வேறு பொருள், நம் உடம்புக்குப் பயன்படாது. பழைய சோறு வயிற்றுக்கு நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் பி12-க்கு அதை நம்பாதீர்கள்.

இதில் ஆபத்து என்னவென்றால், கல்லீரலில் சேர்த்து வைத்த பி12 சில வருடங்கள்கூடத் தாங்கும். அதனால் முதல் வருடம் உற்சாகமாகப் போகும், 'எனக்கு ஒண்ணும் ஆகலையே' என்று சொல்வார்கள். அப்புறம் கை கால் மரத்துப்போவது, மறதி, சோர்வு என்று மெல்ல வரும். இந்த உணவில் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் நிறைய இருப்பதால் பி12 குறைவால் வரும் ரத்த சோகை வெளியே தெரியாமல் போகலாம், ரத்த எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே உள்ளே நரம்பு பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். சயனோகோபாலமின் (மாத்திரையில் வரும் பி12) தினமும் 50 மைக்ரோகிராம், இல்லையென்றால் 1000 மைக்ரோகிராம் வாரத்துக்கு இரண்டு முறை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் ஒரு நாள்கூட அசட்டையாக இருக்கக் கூடாது, குழந்தைக்குப் போவது உங்களிடமிருந்துதான்.

கேள்வி: பால் நிறுத்தினா எலும்பு?

கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், தோலோடு உள்ள எள்ளில் ஆயிரத்துக்கு மேல். முருங்கைக்கீரையும் நல்லது. பாலக்கை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உடம்பு எடுத்துக்கொள்வது இருபதில் ஒரு பங்குதான். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டினால் சத்து இன்னும் நன்றாகச் சேரும். வெயிலும் வேண்டும், வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் சரியாகச் சேராது.

கேள்வி: ரெண்டு நாள் சுண்டல் சாப்பிட்டேன், வயிறு உப்பிப்போச்சு.

திடீரென்று நார்ச்சத்து ஏறினால் அப்படித்தான் இருக்கும். பாசிப்பருப்பில் தொடங்குங்கள். கடலை வகைகளை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் குழைய வேகவையுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். சில வாரங்களில் பழகிவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு சுகர், மாத்திரை சாப்பிடறார். மாத்தலாமா மேடம்?

மாற்றலாம், நல்லதுதான், ஆனால் முதலில் டாக்டரிடம் சொல்லிவிட்டு. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கிறவர் உணவை மட்டும் மாற்றினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம், டாக்டர் மருந்தின் அளவையும் சேர்த்துக் குறைக்க வேண்டியிருக்கும். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தாலேயே பி12 குறையலாம் என்பதால் அவருக்குப் பரிசோதனை கட்டாயம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பொட்டாசியம் பிரச்சினை வரும், கீரை, இளநீர், பருப்பு எதையும் தானாகக் கூட்ட வேண்டாம்.

கேள்வி: இந்துப்புக்கு மாறலாமா?

மாறாதீர்கள். பால், மீன் இரண்டும் இல்லாதபோது அயோடினுக்கு அயோடின் கலந்த உப்புதான் எளிய வழி. அளவைக் குறையுங்கள், வகையை மாற்ற வேண்டாம்.

கேள்வி: எல்லாம் விட்டுட்டேன், டீ மட்டும் விட முடியல.

விட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். பாலுக்குப் பதில் சர்க்கரை சேர்க்காத சோயா பால் ஊற்றலாம். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும், அடுப்பை அணைத்துச் சூடு கொஞ்சம் தணிந்ததும் ஊற்றுங்கள்.