முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள்

‘செசான், வான்கோ என்ற ஓவியர்களின் காலத்து எண்ணெய் வண்ண உருவப்படங்களைக் கிட்டத்தில் பார்த்தால் வெறும் அப்பலாகத்தான் தெரிகிறது, இதில் பார்க்க என்ன இருக்கிறது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். செல்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கோபிக்க வேண்டாம். 31 வருடம் ஓவிய ஆசிரியராக இருந்த நானே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு மகனைப் பார்க்கப் பாரிஸ் போனேன். பெத்தி பலே அருங்காட்சியகத்தின் நிரந்தரச் சேகரிப்புக்குக் கட்டணம் கிடையாது. அதனால்தான் நுழைந்தோம், மறைப்பானேன்? அங்கே 1899இல் செசான் வரைந்த ஓவிய வியாபாரி அம்ப்ருவாஸ் வொலாரின் படம். பழுப்புக் கோட்டு, கால்மேல் கால், கண்ணிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருட்டுக் குழிகள். ‘என்னப்பா, பாதியில் விட்டுவிட்டார்?’ என்றேன்.

வாசிப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். காவலர் ஏதோ அதட்டினார். அரை அடி பின்வாங்கினேன். அதற்குள் பார்த்துவிட்டேன். கோட்டில் வண்ணம் மேலே மேலே ஏறிக் கிடக்கிறது. சட்டையின் வெள்ளை வெள்ளையே இல்லை, சாம்பலும் நீலமும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. கையில் மட்டும் மிளகளவு இரண்டு இடங்களில் வண்ணமே இல்லை, வெறும் துணி!

மறதி அல்ல. இந்தப் படத்துக்காகத் தாம் 115 முறை செசான் முன் அமர்ந்ததாக வொலாரே எழுதியிருக்கிறார். உட்கார்ந்தபடியே தூங்கி நாற்காலியோடு விழுந்து, ஆப்பிளைப் போல அசையாமல் இருக்கத் தெரியாதா என்று திட்டும் வாங்கியிருக்கிறார். அந்த இரண்டு புள்ளிகளைப் பற்றிக் கேட்டதற்கு, அங்கே ஏதாவது ஒரு வண்ணத்தை வைத்தால் அந்த இடத்திலிருந்து படம் முழுவதையும் மறுபடி வரைய வேண்டியிருக்கும் என்றாராம் செசான். சட்டையின் முன்பக்கம் மட்டும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

கலை வரலாறு படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். படத்தில் வண்ணம் தீட்டாமல் வெள்ளை விட்ட பிள்ளைகளுக்கெல்லாம் நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். சில சமயம் தூரிகையைப் பிடுங்கி நானே அடைத்தும் இருக்கிறேன். வாரத்துக்கு ஒரே ஓவிய வகுப்பு; அதையும் பரீட்சை வந்தால் கணக்கு ஆசிரியர் கேட்காமலே எடுத்துக்கொள்வார். தலைமை ஆசிரியரிடம் போனால், ‘உங்களுக்கு என்ன சார், சும்மா இருக்கலாமே’ என்பார். கிடைத்த நாற்பது நிமிடத்தில் நான் அடைத்துக்கொண்டிருந்தது அந்த வெள்ளையைத்தான்.