கவிஞர்களுக்கு அரசியல் எதற்கு? கவிதையோடு நிறுத்திக்கொண்டால் என்ன?

நீங்களும் எழுதுகிறவர் என்று நினைக்கிறேன். 'உனக்கு எதுக்கு இந்த வம்பு' என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் சொன்னார்கள்.

1964இல் பர்மாவில் (இன்றைய மியான்மர்) கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரங்கூனிலிருந்து கப்பலேறியவர் என் தாத்தா. அதனால் அந்த நாட்டுச் செய்தி எது வந்தாலும் விடாமல் படிப்பேன். அப்படித் தெரியவந்த கவிஞர்தான் மவுங் சவுங்கா. ஜனாதிபதியின் உருவத்தை அந்தரங்க உறுப்பில் பச்சை குத்தியிருப்பதாகவும், முதலிரவில் மனைவி அதைப் பார்த்து மனம் உடைந்ததாகவும் 2015இல் ஃபேஸ்புக்கில் ஒரு சின்னக் கவிதை போட்டார். தொலைத்தொடர்புச் சட்டத்தில் வழக்கு, ஆறு மாதச் சிறை. 2016 மே மாதம் தீர்ப்பு வருவதற்குள் அந்த ஆறு மாதத்தை உள்ளேயே கழித்துவிட்டதால் விடுதலையானார்.

அப்புறம் அவர் சும்மா இருக்கவில்லை. 2018இல் நண்பர்களோடு கருத்துரிமைக்கு ஓர் அமைப்பு தொடங்கி, அதே சட்டத்தில் மாட்டியவர்களின் வழக்குகளைத் தொகுத்தார். ராக்கைன், சின் மாநிலங்களில் இணையத்தை முடக்கியதை எதிர்த்ததற்காக 2020இல் அபராதம் கட்டினார். அப்போது ஆட்சியில் இருந்தது ராணுவம் அல்ல, ஜனநாயகத்துக்காகப் போராடிய ஆங் சான் சூச்சியின் கட்சி என்பதையும் கவனியுங்கள். 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் யாங்கூன் (பழைய ரங்கூன்) தெருவில் இறங்கினார். சில மாதங்களில் ஆயுதப் படையே அமைத்துவிட்டார்.

எங்கள் ஊர்க் கவியரங்கில் இவரைப் பற்றி வாசிக்க எழுந்தேன். பாதியிலேயே நிறுத்தி, "தம்பி, இங்க அரசியல் வேண்டாம். அவரும் கவிதையோட நின்னிருந்தா இந்தக் கஷ்டம் வந்திருக்குமா?" என்றார் ஒருங்கிணைப்பாளர். "ஐயா, அவரை ஜெயிலுக்கு அனுப்பினதே கவிதைதான்" என்றேன். மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

சரி, துப்பாக்கியையும் ஆதரிக்கிறாயா என்று சண்டைக்கு வருவீர்கள். எனக்கு வன்முறை பிடிக்காது. ஆனால் 2021 மார்ச்சில் மோன்யுவா நகரில் ராணுவ ஆட்சியை எதிர்த்த ஊர்வலத்தில் கவிஞர் கே சா வின்னைப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். மே மாதம் கவிஞர் கெத் தீயை விசாரணைக்குப் பிடித்துப்போய், மறுநாள் மனைவியிடம் உடலைத்தான் கொடுத்தார்கள். அதையெல்லாம் பார்த்த மவுங் சவுங்காவுக்கு இங்கே பத்திரமாக உட்கார்ந்துகொண்டு நான் புத்தி சொல்வதாக இல்லை.