பதில்: டேங்கர் செலவு குறையவே மாட்டேன் என்கிறது (வேளச்சேரி, 48 வீடுகள்)

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியும் தண்ணீர் டேங்கர் எண்ணிக்கை ஏறுகிறது என்கிறீர்கள். உங்கள் ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். யார் எவ்வளவு தண்ணீர் செலவழிக்கிறார் என்று யாருக்குமே தெரியாது. கணக்கு மாதக் கடைசியில்தான் வருகிறது. அதுவும் சமபங்கு, சேமித்தவருக்கும் அதே தொகை.

நெதர்லாந்தில் ஒரே மாதிரி வீடுகளில், மின் மீட்டர் நிலவறையில் இல்லாமல் வாசல் கூடத்தில் இருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் குறைவாகச் செலவானதாக அமெரிக்க அறிவியலாளர் டொனெல்லா மெடோஸ் எழுதியிருக்கிறார். கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

எங்கள் மடிப்பாக்கம் குடியிருப்பில் லிஃப்ட் பக்கம் ஒரு கரும்பலகை. இன்று எத்தனை லோடு, சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) எத்தனை அடி தண்ணீர் என்று வாட்ச்மேன் அண்ணன் காலையில் சாக்பீஸால் எழுதுவார் (எழுத்துப்பிழையோடு, அதற்காகவே நின்று படிப்பவர்கள் உண்டு). இரண்டாவது வாரமே மொட்டைமாடித் தொட்டி வழிகிறது என்று ஆளாளுக்குப் புகார். அப்புறம்தான் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் என்ற பேச்சு எடுபட்டது. அதையே முதலில் எடுத்திருந்தால் சண்டைதான்.

போர்வெல்லை மட்டும் இன்னும் ஆழப்படுத்தாதீர்கள். பக்கத்துக் கட்டடமும் ஆழப்படுத்தும், பிறகு மறுபடி நீங்கள். 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. உங்கள் கட்டடத்துக் குழி மண் அடைத்துக் கிடக்கிறதா பாருங்கள், ஐப்பசிக்குள் தூர் வாரிவிடுங்கள். பலன் தெரிய ஒரு மழைக்காலமாவது ஆகும் என்று கமிட்டியில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.