எந்த வீட்டு விருந்து மலையின் விருந்து? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சொந்த ஊர் திருவாரூர் பக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "உங்கள் வீட்டுப் பண்டிகைச் சாப்பாடு என்ன?" என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். எந்தப் பண்டிகை என்று நான் சொல்லவில்லை. ஒருத்தி படுகரின் ஹெத்தை அம்மன் விழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு அவரை உதக்க, அதாவது அவரைக் குழம்பு, என்று எழுதியிருந்தாள். ஒருவன் தீபாவளிக்கு ரொட்டியும் சம்பலும் என்கிறான். இன்னொருவன் கிறிஸ்துமஸுக்கு இட்லியும் கறிக்குழம்பும். ஒரு பெண் ஓணத்துக்குக் கூடலூர் பாட்டி வீட்டில் இலை நிறையச் சாப்பிட்டதை எழுதியிருக்கிறாள். மற்றவர்கள், வகுப்பில் பாதிக்கு மேல், "பிரியாணி" என்ற ஒரே சொல்லோடு முடித்துவிட்டார்கள்.

ஆண்டு விழாவில் 'நம் மலை விருந்து' என்று ஒரு உணவு மேசை வைக்க ஆசை. சக ஆசிரியர் ஒருவர், ஆதிவாசிகளும் படுகரும் சாப்பிடுவதுதான் நீலகிரி உணவு, மற்றதெல்லாம் வந்து சேர்ந்தது, பிரியாணியை வைக்கவே கூடாது என்கிறார். எனக்கு அது ஒப்பவில்லை. ஆனால் என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஓர் ஆசிரியை, கோத்தகிரி

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிள்ளைகளிடம் எந்தப் பண்டிகை என்று சொல்லாமல் விட்டீர்களே, அது மிக நல்ல காரியம். சொல்லியிருந்தால் பாதி வீடுகள் உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

உங்கள் கேள்வியை நான் கொஞ்சம் மாற்றிக் கேட்பேன். 'எது இந்த மலையின் உணவு' என்று தேடினால் சண்டைதான் வரும். 'இந்த வீட்டில் வருடம் முழுக்கக் கிடைக்காமல் இருந்தது எது' என்று கேட்டுப் பாருங்கள். அன்றாடம் அடுப்பில் இல்லாத ஒன்றைத்தான் ஒவ்வொரு வீடும் பண்டிகையன்று எப்பாடுபட்டாவது இலையில் வைத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய எல்லாமே இந்த மலையின் கதைதான்.

படுகர் வீடுகளிலிருந்து தொடங்கலாம். மேல் மலையில் நெல் விளையாது. ராகி, சாமை, அவரை, கீரை இவைதான் பழைய அன்றாடம். நெல்லரிசி கீழேயிருந்து ஏறி வரவேண்டிய பொருள். கோதுமை மட்டும் இங்கேயே விளைந்தது. இன்றைக்கும் வெலிங்டனில் மத்திய அரசின் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதனால் விருந்து என்றால் கோதுமை மாவில் செய்யும் பொத்திட்டு வந்தது. எருமை நெய் சேர்த்து வைத்த நாளில் துப்பதிட்டு வந்தது. இப்போது மைதாவும் சர்க்கரையும் பிசைந்து எண்ணெயில் பொரிக்கிறார்கள், அதனால் என்ன, பெயர் அதேதான், பிள்ளைகள் ஓடி வருவதும் அதேதான். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ பேரகணியில் ஹெத்தை ஹப்பா நடக்கும்போது வெள்ளை உடுத்தி ஊர் ஊராக நடந்து வருபவர்கள் அன்னதானத்தில் சோறும் அவரை உதக்கவும் சாப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மாவட்டமே அன்றைக்கு உள்ளூர் விடுமுறையில் இருக்கும். அந்த உதக்கவில் உருளைக்கிழங்கு கிடக்கிறதா என்று உங்கள் சக ஆசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். சல்லிவன் 1819-ல் மலையேறி வந்து, அதன் பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டம் போட்டபோது வந்த கிழங்கு அது. மிளகாய்கூட கடல் தாண்டி வந்ததுதான். இரண்டையும் எடுத்துவிட்டு உதக்க கேட்டால் எந்த அம்மா வைத்துத் தருவார்?

தோடர்கள் சைவம். எருமைதான் அவர்களுக்கு எல்லாம். பாலுக்கும் மோருக்கும் நெய்க்கும் குறைவில்லை. ஆனால் அவர்கள் பயிர் செய்தவர்கள் இல்லை. தானியம் படுகரிடமிருந்து வந்தது, மண்பானையும் இரும்பும் கோத்தரிடமிருந்து வந்தன, பதிலுக்குப் பாலும் நெய்யும் போயின. ஒரு சமூகத்தின் அன்றாடம் இன்னொரு சமூகத்தின் விருந்தாக மாறிய இடம் இது. தலைகுந்தா அருகே முத்தநாடு மந்தில் (மந்து என்றால் தோடர் குடியிருப்பு) மொற்பர்த் பண்டிகைக்கு மந்துகளிலிருந்து ஆண்கள் கூடி இளவட்டக்கல் தூக்குகிற செய்தி ஒவ்வொரு வருடமும் பேப்பரில் வரும். படம் கல்லைத்தான் காட்டும், சோற்றைக் காட்டாது. அரிசியும் பாலும் நெய்யும் ஒரே பானையில் சேர்வது அந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. இந்த மலையில் விருந்துப் பலகாரம் ஏன் இவ்வளவு எண்ணெயில் பொரிந்ததாகவே இருக்கிறது? துப்பதிட்டு, அதிரசம், முறுக்கு, வடை, கிறிஸ்துமஸ் வீடுகளில் கல்கல், அச்சு முறுக்கு. யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு டப்பா நிறையப் பொரித்ததுதான். எனக்குத் தோன்றும் காரணம் உயரம். ஊட்டி 2240 மீட்டர். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்த பிறகு எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. பருப்பும் அவரைக்கொட்டையும் வேக நேரம் இழுக்கும். குக்கர் வருவதற்கு முன் ஊட்டியில் துவரம்பருப்பு வேக வைத்த பாட்டிகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். எண்ணெய்க்கு அந்தக் கட்டு இல்லை. சமவெளியில் காய்கிற மாதிரியே இங்கும் காயும். விறகு ஈரமாக இருந்தாலும், கைக்கு நேரம் குறைவாக இருந்தாலும் பொரிப்பது ஏமாற்றாது. வடை போன்றவை போக, மற்றவை பல நாள் வைத்திருந்தாலும் கெடாது. அடுத்த வீட்டுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கவும் வசதி.

இட்லி இதற்கு நேர் எதிர். டிசம்பரில் உறைபனி விழுகிற ஊரில் மாவு புளிப்பதே பெரும்பாடு. முந்தின நாள் மதியமே ஆட்டி, அடுப்போரம் வைத்து, மேலே கம்பளி போர்த்தி, ராத்திரி ஒருமுறை எழுந்து தொட்டுப் பார்ப்பார்கள். உங்கள் மாணவன் கிறிஸ்துமஸுக்கு இட்லி என்று எழுதியதைத் திருவாரூர்க்காரராக நீங்கள் சாதாரணமாக நினைத்திருக்கலாம். இங்கே அது சாதாரணம் இல்லை. அவனுடைய அம்மா அந்த இட்லிக்காகத் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறார்.

இப்போது ரொட்டியும் சம்பலும் எழுதிய பையனிடம் வருகிறேன். என் மனதில் முதலில் தங்கிவிட்டவன் அவன்தான். அவன் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். 1964-ல் அந்நாட்டுப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள், பார்த்தே இராத ஊருக்குத் 'திரும்பி' வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னால் டான்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று அவர்கள் குடியமர்ந்தார்கள். பெட்டியில் அதிகம் கொண்டுவர முடியவில்லை. கைப்பக்குவம் மட்டும் வந்தது. கோதுமை மாவோடு தேங்காய்த் துருவலைப் பிசைந்து கல்லில் தட்டிச் சுடும் ரொட்டி. வெங்காயமும் மிளகாயும் இடித்த சம்பல். விசேஷ நாளில் தேங்காய்ப் பாலில் பால்சோறு.

மேல் மலையில் தென்னை இல்லை. ஒவ்வொரு தேங்காயும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகிறது. இலங்கையில், தோட்டத்து லயம் என்கிற வரிசை வீடுகளில், காலையில் வேலைக்குப் போகுமுன் தின்ற சாதாரண ரொட்டி, இங்கே தேங்காய் விலை பார்த்து வாங்கவேண்டிய நிலையில் தீபாவளிக்கு உரியதாகிவிட்டது. அதை 'வந்து சேர்ந்த உணவு' என்று ஒதுக்குவதை என்னால் ஏற்கவே முடியாது. இந்த மலையில் தேயிலை நட்டுப் பறித்து இரண்டு மூன்று தலைமுறை போய்விட்டது. இன்னும் எத்தனை தலைமுறைக்கு அந்தப் பையனின் வீட்டுச் சாப்பாடு வெளியூர்ச் சாப்பாடு?

எஸ்டேட் லைன் வீடுகளில் தீபாவளி என்பது போனஸோடு சேர்ந்தது. சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். எவ்வளவு என்று தெரியும் வரை யாரும் துணி வாங்க மாட்டார்கள், ஆட்டுக்கு விலையும் பேச மாட்டார்கள். தெரிந்த பிறகு பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி, விடியும் முன் அறுத்து, வாழையிலையில் கூறு போடுவார்கள். ஈரலும் எலும்பும் கொழுப்பும் எல்லாக் கூறுக்கும் சமமாகப் போகவேண்டும். சாதி பார்க்கிற கைகூட அந்தக் கூறில் ஏமாற்றப் பார்க்காது. பச்சைத் தேயிலை விலை 1990-களின் இறுதியில் சரிந்தபோது சிறு விவசாயி வீடுகளில் முதலில் சுருங்கியது இந்தக் கறிதான். ஆடு போய்க் கோழி வந்தது.

கூடலூரை நான் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். அது சுமார் 1000 மீட்டர்தான், வாழையும் தென்னையும் மிளகும் உண்டு. கூடலூர் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877-ல் நீலகிரியோடு சேர்ந்தது. அதனால் ஓணத்துக்கு இலை போடும் வீடும், பெருநாளுக்கு அரிசி ரொட்டியான பத்திரி சுடும் வீடும், கிறிஸ்துமஸுக்கு ஆப்பம் ஊற்றும் வீடும் அங்கே ஒரே தெருவில் இருக்கும். ஓணத்துக்கும் நமக்கு உள்ளூர் விடுமுறை கிடைப்பது இவர்களால்தான்.

சரி, பிரியாணி. எல்லாப் பண்டிகையும் ஒரே சட்டிக்குள் போய்விட்டதே என்ற உங்கள் சக ஆசிரியரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் எழுதிய ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள். வாரம் ஆறு நாள் கொழுந்து பறிக்கிறவள். முன்பெல்லாம் ஏழாம் நாளும் பண்டிகை நாளும் சேர்ந்தால் ராத்திரி முழுக்க முறுக்குப் பிழிந்து, விடியலில் மாவு ஊற்றி, மதியம் கறி வைத்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு ஆறிப்போனதைச் சாப்பிட்டவள். பிரியாணி ஒரே அண்டா. பல வீடுகளில் அன்றைக்கு ஆண்கள் போடுகிறார்கள், இல்லையென்றால் கடையில் சொல்லிவிடுகிறார்கள். பண்டிகையன்று அவள் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறாள். அவள் வீட்டில் வருடம் முழுக்கக் கிடைக்காமல் இருந்தது அந்த ஓய்வுதான். அதைக் கொடுத்த சாப்பாட்டை மேசையிலிருந்து தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு மாற்றத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். ஒரு காலத்தில் விருந்தாக இருந்த நெல்லுச்சோறு இப்போது மூன்று வேளையும் இருக்கிறது. ஏழையின் சோறாக இருந்த சாமை கடையில் அரிசியைவிட விலை கூடிவிட்டது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகு இன்னும் மவுசு. உங்கள் மேசையில் சாமைச் சோறு வைத்தால் பல பிள்ளைகளுக்கு அது முதல் முறையாக இருக்கும். பாட்டிகள் சிரிப்பார்கள்.

ஆகவே எல்லாவற்றையும் வையுங்கள். தட்டுக்கு முன் சாதிப் பெயரோ மதப் பெயரோ வேண்டாம். 'எங்கள் வீட்டில் முன்பு கிடைக்காமல் இருந்தது' என்று ஒரு அட்டையில் அந்தந்தப் பிள்ளையே இரண்டு வரி எழுதட்டும். மாட்டுக்கறியோ பன்றிக்கறியோ விருந்தாக உள்ள வீட்டுப் பிள்ளை அதை எழுதத் தயங்கினால் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். வகுப்பில் தோடர் வீட்டுப் பிள்ளை இருந்தால், பால் சம்பந்தப்பட்டது எதையும் வைப்பதற்கு முன் பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்குப் பால் வெறும் உணவுப் பொருள் இல்லை. கறி வகைகளை வேறு மேசையில் தள்ளி வைப்பது எல்லோருக்கும் நல்லது.

சமைப்பதற்குச் சில யோசனைகள். வடை தவிர, பொரித்தவை எல்லாம் இரண்டு நாள் முன்னாடியே ஆகட்டும். சாமை ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டு அன்று காலையில் குக்கரில் வையுங்கள், குளிரில் சீக்கிரம் இறுகிவிடும், ஹாட் பாக்ஸில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவரைக்கொட்டையை முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும். ரொட்டியை மட்டும் அந்தப் பையனின் அம்மாவைக் கூப்பிட்டு அங்கேயே சுடச் சொல்லுங்கள். ஆறினால் இழுவையாகிவிடும். தேங்காய்க்கும் கேஸுக்கும் ஆகும் செலவைப் பள்ளியே கொடுத்துவிடட்டும், அன்றைக்கு அவர் விடுகிற கூலியையும் சேர்த்து.

அன்புடன்.