வரலாறு, இலக்கியம், தத்துவம் படித்தவர்களுக்குப் பாதுகாப்புத் துறையில் என்ன வேலை?

தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்த பிறகும் இவர்கள் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் தேவை.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா இயந்திரம் உருவாக்கிய ரகசியக் குறியீடுகளை உடைத்த பிரிட்டிஷ் மையமான பிளெட்ச்லி பார்க்கையே பாருங்கள். அங்கிருந்த கணித மேதை ஆலன் டூரிங்கை எல்லோருக்கும் தெரியும். அதே இடத்தில் வேலை பார்த்த டில்லி நாக்ஸ் ஒரு கிரேக்க இலக்கிய அறிஞர். சிதைந்த பாப்பிரஸ் (நாணலில் செய்த பழங்கால எழுதுதாள்) துண்டுகளில் விட்டுப்போன எழுத்துகளை ஊகித்து, ஹெரோடாஸ் என்ற பழங்காலக் கவிஞரின் வரிகளை மீட்டவர். ஜெர்மன் ராணுவ உளவுத்துறை பயன்படுத்திய எனிக்மாவை 1941 இறுதியில் உடைத்தது அவருடைய குழுதான். அரைகுறைத் தடயத்திலிருந்து முழு வாக்கியத்தைப் பிடிக்கும் பயிற்சி அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, 1983 செப்டம்பர் 26. அமெரிக்க ஏவுகணைகள் வருவதாக சோவியத் கணினி அலறியது, மொத்தமே ஐந்து. பணியில் இருந்த ராணுவ அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் பொறியியல் படித்தவர்தான். ஆனால் அணு ஆயுதப் போரைத் தொடங்குபவன் ஐந்தே ஏவுகணைகளோடு தொடங்குவானா என்று யோசித்தார். பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது.

எதிராளி எப்படி யோசிப்பான் என்பது வரலாற்று மாணவர் தினமும் கேட்கும் கேள்வி. தானாகச் சுடும் ஆயுதம் தவறு செய்தால் யார் பொறுப்பு என்பது தத்துவத்தின் கேள்வி. அதைக் கருவி செய்து முடித்த பிறகு கேட்டால் ரொம்பத் தாமதம். வடிவமைக்கும்போதே இந்தப் படிப்புகளைப் படித்தவர்களையும் உட்கார வைக்க வேண்டும்.